கெளுத்திக்கு ஊசி, ஊருக்கு அறிக்கை

ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் படத்தை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். ஒரு பொக்லைன் எந்திரம். ஒரு பெரிய குழி. குழிக்குள் கறுப்பாக, வழவழவென்று, மீசையோடு ஒரு குவியல். கரையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன்வளத்துறை, வருவாய்த்துறை, காவல்துறை என்று ஒரு வரிசை. கீழே செய்தி: தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கன் கெளுத்தி மீன்கள் அழிப்பு, இனியும் வளர்த்தால் கடும் நடவடிக்கை பாயும் என எச்சரிக்கை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படம் மனப்பாடம். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், போன ஆண்டுச் செய்தியையே மறுபடி அச்சேற்றலாம். அப்படித்தான் செய்கிறார்களோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

இந்தத் தடைக்கு என்ன வயது தெரியுமா? கையிருப்பில் உள்ள இந்த மீன்களை அழித்துவிடுங்கள் என்று மத்திய வேளாண் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது 1997-ல். நாடு முழுவதும் வளர்ப்புக்குத் தடை வந்தது 2000-ல். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்டையை எடுத்தது 2019-ல். தடை போட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை படித்து, பட்டம் வாங்கி, வேலை தேடி, கிடைக்காமல் ஊர் திரும்பி, அப்பன் நிலத்தில் குட்டை வெட்டி இதே கெளுத்தியை வளர்க்கிற வயதுக்கு வந்துவிட்டது. தடை மட்டும் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

சரி, தடைதான் தூங்குகிறது. மக்கள் விழிப்பாக இருக்கிறார்களா? ரொம்ப விழிப்பு. ‘அதெல்லாம் ஊசி போட்டு வளர்க்கிற மீனுங்க, தின்னா கேன்சர் வரும்’ என்று மீன் மார்க்கெட்டில் நிற்கிற எவரும் சொல்வார். எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் வந்தது. பிராய்லர் கோழிக்கு ஊசி என்று சொன்னதும் இதே வாட்ஸ்அப்தான். நாற்பது நாளில் கோழி கொழுப்பது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனத்தாலும் தீவனத்தாலும் என்று விஞ்ஞானிகள் கழுத்து வலிக்கச் சொல்லிவிட்டார்கள். கேட்பாரில்லை. கோடிக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் எங்கே கிடைப்பான் என்றுகூட யோசிப்பதில்லை. வயல் வேலைக்கே ஆள் வருவதில்லை என்று புலம்புகிற அதே ஆட்கள் இதை நம்புகிறார்கள்.

கெளுத்திக்கு ஊசி என்பது முழுப் பொய்யும் இல்லை. ஊசி உண்டு. யாருக்கு, எப்போது, எதற்கு என்பதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தியில் இருக்காது.

மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் நடப்பதைச் சொல்கிறேன். இந்த ஆப்பிரிக்கன் கெளுத்தி, தன் சொந்த நாட்டில் மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரை தாண்டும்போது, புல் மூழ்கிய ஆழமில்லாத தண்ணீரில் முட்டையிடும். தொட்டியில் அடைத்தால் சினை பிடிக்கும், முட்டையிடாது. மழை வந்த சேதி மூளைக்குப் போய்ச் சேராததால் மீன் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை முடித்துவைக்கத்தான் ஊசி. சாயங்காலம் தாய்மீனைப் பிடித்து, ஈரத் துணியால் தலையை மூடி, முதுகுச் சதையில் குத்துகிறார்கள். கிலோவுக்கு அரை மில்லி. மருந்தில் இரண்டே சரக்கு. ஒன்று, மூளை சுரக்கிற தூண்டல் ஹார்மோனின் செயற்கை நகல். இன்னொன்று டோம்பெரிடோன். ஆமாம், உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் வாந்திக்கென்று வாங்கி வைத்திருக்கிற அதே டோம்பெரிடோன்தான். முட்டை வெளியேறாமல் பிடித்து வைத்திருக்கிற டோபமைனின் கையை அது தட்டிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். மழை வராமலே மழை வந்துவிட்டது என்று மீனுக்கு ஓர் அறிவிப்பு. மீன் நம்பிவிடுகிறது. நாமும் இப்படிப் பலமுறை நம்பியிருக்கிறோம். நமக்கு ஊசிகூடத் தேவைப்படவில்லை, ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் போதும்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தாய்மீன் தயார். வயிற்றை மெல்ல வழித்தால் பச்சையும் பழுப்புமாக முட்டைகள் தட்டில் கொட்டும். ஆண் மீனின் கதை வேறு. இந்த இனத்தில் ஆணின் வயிற்றை வழித்தால் ஒன்றும் வராது. ஆகவே அறுக்கிறார்கள். விந்தகத்தை வெட்டியெடுத்து, நறுக்கி, பிழிந்து, உப்புக் கரைசலில் கலக்கி முட்டை மீது ஊற்றுகிறார்கள். அப்பாவின் பங்கு அத்தோடு முடிந்தது. ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரிந்துவிடும்.

ஊசி இந்த இடத்தோடு சரி. தாய்க்கு ஒரு முறை. பிறந்த குஞ்சுக்குக் கிடையாது. வளர்ந்து சந்தைக்கு வந்து உங்கள் பையில் விழுகிற மீனுக்கும் கிடையாது. அது கொழுப்பதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொரு சேதி. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும், செத்த மீனின் தலையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அதன் சாற்றை உயிர் மீனுக்கு ஊசியாகப் போட்டு, கெண்டை இனங்களைக் குளத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அதுவரை வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை வீசிக் குஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த நாடு இது. உள்நாட்டு மீன் உற்பத்தியில் இந்தியா இன்று உலகின் முன்வரிசையில் நிற்பதற்கு அந்த ஊசியே முதல் படி. அந்த ஜூலை 10-ஐத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாள் என்று அரசு கொண்டாடுகிறது. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், வடை காபி கொடுக்கிறார்கள். ஹோட்டலில் நீங்கள் கேட்டு வாங்கித் தின்கிற கட்லா, ரோகு எல்லாம் ஊசி போட்ட தாயின் பிள்ளைகள். கெளுத்தியைப் பார்த்து முகம் சுளிப்பவர், ரோகு வறுவலுக்கு எலுமிச்சம்பழம் பிழிகிறார்.

ஹார்மோனைத் தீவனத்திலேயே கலந்து கொடுக்கிற வழக்கம் வேறொரு மீனில் உண்டு. ஜிலேபி கெண்டை என்று நாம் சொல்கிற திலேப்பியாவைப் பண்ணை முறையில் வளர்க்கும்போது, குஞ்சுகள் எல்லாம் ஆணாக மாறட்டும் என்று முதல் சில வாரங்களுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் போடுவது உலகமெங்கும் நடக்கிறது. அதைப் பற்றி வாட்ஸ்அப் வாய் திறந்ததில்லை. பயத்துக்கும் ஒரு பேஷன் இருக்கிறது போலிருக்கிறது.

அப்படியானால் கெளுத்தி எதைத் தின்று கொழுக்கிறது?

கோழிக் குடலைத் தின்று. தலை, கால், இறகு, அழுகிய ஈரல், சந்தைக் கழிவு, செத்த பிராணி என்று அகப்பட்டதை எல்லாம் தின்று. சில இடங்களில் பெரிய கொப்பரையில் வேக வைத்துப் போடுகிறார்கள். சில இடங்களில் அந்த மரியாதையும் இல்லை. இந்த மீனுக்கு எது கிடைத்தாலும் விருந்து. தண்ணீரில் பிராணவாயு இல்லாவிட்டாலும் கவலையில்லை. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். சாக்கடை நிறத் தண்ணீரில், கால் வைக்க இடமில்லாத நெருக்கத்தில், ஆறே மாதத்தில் கிலோவைத் தொட்டுவிடும். காற்று ஊட்ட மோட்டார் வேண்டாம். கரண்ட் பில் இல்லை. தீவனம் இலவசம். விவசாயி ஏன் இதை வளர்க்கிறான் என்று அதிகாரிகள் கூடி வியக்கிறார்களாம். விலை இல்லாத தக்காளியை ரோட்டில் கொட்டியவனிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

அந்தக் குடல் எங்கிருந்து வருகிறது? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் கோழிக்கடை இல்லாத தெரு இருக்கிறதா? ஒவ்வொரு கடையிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரம் நிறைகிறது. அதை என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை நிறைவேற்ற வேண்டிய உள்ளாட்சி இருக்கிறது. உள்ளாட்சியில் அதற்கென்று அலுவலர் இருக்கிறார். அலுவலருக்கு ஜீப் இருக்கிறது. டிரம் மட்டும் ராத்திரியில் நம்பர் பிளேட்டில் சேறு பூசிய ஒரு வண்டியில் ஏறிப் போகிறது. போகிற வழியில் ஏரிக்கரையில் கொட்டினால் நாற்றம். கெளுத்திக் குட்டையில் கொட்டினால் வருமானம். கோழிக்கடைக்காரருக்குத் தொல்லை விட்டது, உள்ளாட்சிக்கு வேலை மிச்சம், பண்ணைக்காரருக்குத் தீவனம். இந்த மாநிலத்தில் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம் எதுவும் கேட்காமல் திடக்கழிவு மேலாண்மை செய்த ஒரே ஊழியர் இந்த மீன்தான். அதையும் பிடித்து உயிரோடு புதைத்துவிட்டார்கள்.

உயிரோடு என்பதை வேகத்தில் எழுதிவிடவில்லை. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் மணிக்கணக்கில் மூச்சு விடக்கூடிய மீன் அது. குழியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் தூவி, மேலே மண் தள்ளும்போது குவியல் நெளிந்துகொண்டுதான் இருக்கும். படத்தில் அது தெரியாது. படத்தில் அலுவலர்கள் தெரிவார்கள்.

ஊசி மீது பழி போட்டால் யாருக்கும் நோகாது. ஊசி வாய் திறக்காது. ஊசிக்குச் சங்கம் கிடையாது, சாதி கிடையாது, வார்டு கவுன்சிலர் மாமன் கிடையாது. கழிவின் மீது பழி போட்டால் நகராட்சி பதில் சொல்ல வேண்டும். குஞ்சின் மீது பழி போட்டால் பொரிப்பகமும் புரோக்கரும் சோதனைச் சாவடியும் பதில் சொல்ல வேண்டும். ஊசிதான் எல்லோருக்கும் சௌகரியம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிப் பிள்ளை போடுகிற கணக்குதான். துறையில் யாராவது போட்டார்களா என்று தெரியவில்லை.

ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் ஒன்று, ஒரு முறைக்குச் சுமார் 50,000 முட்டை கொடுக்கும். பொரிக்காதது, செத்தது, அண்ணன் தம்பியைத் தின்றது (இந்தக் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும், பேர்போன குணம்) எல்லாம் கழித்துப் பத்தில் ஒன்றுதான் தேறியது என்று வையுங்கள். 5,000 மீன். தலைக்கு ஒரு கிலோ என்றால் 5 டன். 2020-ல் மகாராஷ்டிர மீன்வளத்துறை 32 டன் மாங்கூர் மீனை அழித்ததாகப் பெருமையோடு செய்தி வந்தது. இதே மீனுக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். 32 டன்! எத்தனை லாரி, எத்தனை பொக்லைன், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கைக்குட்டை! அதை மீண்டும் உண்டாக்க எத்தனை தாய்மீன் வேண்டும்? ஏழு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடங்கிவிடும். எவ்வளவு ஊசி மருந்து வேண்டும்? மூன்றரை மில்லி. பத்து மில்லி புட்டியில் பாதிகூட ஆகாது. முட்டை எடுக்க எத்தனை நாள் வேண்டும்? ஒரு ராத்திரி.

அரசு வாலைப் பிடித்து இழுக்கிறது. தலை எங்கோ நிம்மதியாக முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.

கெளுத்திக் குட்டை வைத்திருப்பவன் பெரும்பாலும் தானே குஞ்சு பொரிப்பதில்லை. வாங்குகிறான். பொரிப்பகம் நடத்த ஊசி வேண்டும், மருந்து வேண்டும், தொட்டி வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். எல்லோராலும் முடியாது. மேற்கு வங்கப் பக்கத்திலிருந்து பாலித்தீன் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, ரயிலிலும் வண்டியிலும் குஞ்சு வருகிறது. மாநில எல்லைகள் தாண்டி வருகிறது. சோதனைச் சாவடிகள் தாண்டி வருகிறது. ஓட்டுக்கு முந்தின வாரம் கல்யாண வீட்டு மொய்ப் பணத்தையே பறக்கும் படை எண்ணிப் பார்க்கிற நாட்டில், தண்ணீர் ததும்பும் பெட்டிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து சேர்கின்றன. ஒருவர் கண்ணிலும் படவில்லை. குஞ்சு வளர்ந்து கிலோவானதும் படுகிறது. கண் பார்வைக்கும் எடைக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும்.

மீன் கெட்டதா? நைஜீரியாவில் போய்க் கேளுங்கள், அடிக்க வருவார்கள். அங்கே அது சொந்த மண்ணின் மீன். அந்த நாட்டின் மீன் வளர்ப்பே இதை நம்பித்தான் நிற்கிறது. இதே ஊசியைப் போட்டு, சட்டப்படி பொரித்து, ஒழுங்கான தீவனம் போட்டு வளர்ப்பவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மிளகுச் சாறு வைத்துச் சாப்பிடுகிறார்கள், நோகாமல் இருக்கிறார்கள். கெளுத்தி தன் ஆற்றில் இருந்தால் ஒரு பிராணி. இங்கே கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதைக் குற்றவாளியாக்கினார்கள். 1980-களின் இறுதியில் தாய்லாந்திலிருந்து வங்கதேசத்துக்கு வந்தது. அங்கிருந்து எந்த அனுமதியும் இல்லாமல் எல்லை தாண்டி வங்கம் வழியாக உள்ளே நுழைந்தது. மனிதன் ஒருவன் அப்படி நுழைந்திருந்தால் நாடாளுமன்றம் ஒரு வாரம் முடங்கியிருக்கும்.

அதே வழியில், அதே காலத்தில் நுழைந்த இன்னொரு கெளுத்தி இனம் உண்டு. பங்காசியஸ். அதுவும் அனுமதியில்லாமல்தான் வந்தது. அதற்கும் ஊசி போட்டால்தான் முட்டை வரும். ஆந்திரத்துக் குளங்களில் அது அமோகமாகப் பெருகி, பெரிய முதலாளிகள் கைக்குப் போனது. என்ன ஆயிற்று? வழிகாட்டு நெறிமுறை வகுத்து, அனுமதியும் கொடுத்து, திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள். இன்று நட்சத்திர ஓட்டலில் ‘பாசா’ என்ற பெயரில் முள்ளில்லாத் துண்டாக, வெண்ணெயில் வதங்கி, பூப்போட்ட தட்டில் வருகிறது. ஒரே வாசல் வழியாக வந்த இரண்டு பேர். ஒருவருக்குக் குடியுரிமை, ஒருவருக்குக் குழி. இரண்டு மீனும் ஒன்றில்லை, ஆப்பிரிக்கன் கெளுத்தியின் வெறியும் தாக்குப்பிடிக்கிற சக்தியும் வேறு என்று நிபுணர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வளர்ப்பவர்களின் பையும் ஒன்றில்லை என்பதை நிபுணர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்நிய மீனைத் தடுக்கிற நம் அரசுகளின் வீரத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1952-ல் ராமநாதபுரத்து மண்டபத்துக்கு மொசாம்பிக் திலேப்பியாவைக் கொண்டுவந்து விட்டது யார்? கள்ளக் கடத்தல்காரனா? அரசாங்கமேதான். ஏழை மக்களுக்குப் புரதம் என்றார்கள். ஏழே ஆண்டில், 1959-ல், ‘ஐயோ, பரப்பாதீர்கள்’ என்று கையைப் பிசைந்தார்கள். திலேப்பியா அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத குளம் ஒன்றைக் காட்டுங்கள். டெங்கு வந்தால் கொசுப்புழுவைத் தின்ன கம்பூசியா மீனைக் குளத்திலும் கிணற்றிலும் விடுகிறார்களே, அதுவும் அமெரிக்க மீன். தலைப்பிரட்டையையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்துத் தின்னும் என்று பல நாடுகள் அலறுகின்றன. இங்கே சுகாதாரத்துறை அதைப் பெருக்கிக் கொடுக்கிறது, அமைச்சர் பிளாஸ்டிக் வாளியிலிருந்து கவிழ்க்கிறார், கேமரா சிரிக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போட்டால் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறதே ஒரு முரட்டு மீன், அது வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அழுக்குத் தின்ன வாங்கிய சக்கர் மீன். தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. பெரிதானதும் பாவம் பார்த்து ஏரியில் விட்ட புண்ணியவான்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். அதைக் கடையில் விற்கிறார்கள். யாரும் குழி வெட்டவில்லை.

பாவம் பார்த்து விட்டது ஒருபுறம். தானாகத் தப்பிப் போவது மறுபுறம். கெளுத்திக் குட்டைகள் பெரும்பாலும் வயலோரத்தில் மண்ணை அணைத்து வைத்தவை, சிலவற்றில் தார்ப்பாய் விரிப்பு. ஒரு நல்ல மழை போதும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் என்ன செய்தது? கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. நிறுத்தி வைத்திருந்த வேன்களை வெள்ளம் பொம்மை போல உருட்டிக்கொண்டு போனதை நாடே டிவியில் பார்த்தது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு முன்னால் ஒரு முழ மண் வரப்பு எம்மாத்திரம்? மாவட்டத்தின் தண்ணீர் தென்பெண்ணையில் விழும். தென்பெண்ணை சாத்தனூர் அணை வழியாகத் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று போகும். வழியில் எத்தனை ஏரி, எத்தனை கால்வாய். விராலும் தேளியும் அயிரையும் ஆராலும் குடும்பம் நடத்துகிற தண்ணீர் அது.

அந்தத் தண்ணீரில் இந்த மீன் நுழைந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் நுழைந்தது. உலகப் பாரம்பரியச் சின்னம் அது. உள்ளே இருந்த மீன், தவளை, பறவைக் குஞ்சு எதையும் விட்டுவைக்கவில்லை. வனத்துறை வலை போட்டு ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துப் பார்த்தது. பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டே இருந்தது. இதன் உறவுக்காரனான நம் நாட்டு மாகுர், பீகாரின் மாநில மீன், இன்று உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மாநில மீன் என்று அறிவித்தால் அழிவு நிச்சயம் போலும். நம் மாநில விலங்கான வரையாட்டைக் கொஞ்சம் எச்சரித்து வையுங்கள்.

இதில் எனக்குக் கோபம் வராத ஆள் ஒருவர்தான். சந்தையில் இதை வாங்குகிற மனிதர். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிட்டு நகர்ந்து, சங்கரா என்ன விலை என்று கேட்டுவிட்டு நகர்ந்து, கடைசியில் தொட்டியில் துள்ளுகிற கறுப்பு மீனுக்கு முன்னால் வந்து நிற்கிற கூலிக்காரர். உயிர் மீன், விலை குறைவு, முள் கம்மி. ‘விரால்தாண்ணே, பண்ணை விரால்’ என்று கடைக்காரர் ஆணையிடுகிறார். மனிதர் வாங்கிப் போகிறார். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகின்றன. அழுகிய கழிவிலும் சாக்கடைத் தண்ணீரிலும் வளர்ந்த மீனின் உடம்பில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது ஒரு துறையின் வேலை. உணவுப் பாதுகாப்புத் துறை என்று அதற்குப் பெயர். அந்தத் துறை ஊருக்கு ஊர் ஷவர்மா கடை வாசலில் கேமராவோடு நிற்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு மீன் மார்க்கெட்டுக்கு வர முடியாது, பாவம், தூக்கம்.

பண்ணைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. தடை இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ரோட்டிலிருந்து தள்ளி, தென்னந்தோப்புக்குப் பின்னால் குட்டை வெட்டுகிறான். ஆனால் அவன் குட்டையை மூடும் அரசு, அவன் கையில் என்ன கொடுத்துவிட்டுப் போகிறது? ஒரு நோட்டீஸ். நாட்டு விரால் வளர்க்கக் குஞ்சு கேட்டால் இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் வா. தீவன மானியம் கேட்டால் நிதி வரவில்லை. குஞ்சு பொரிக்கிற வித்தை 1957-லிருந்து அரசின் கையில் இருக்கிறது. ஊசி இருக்கிறது, மருந்து இருக்கிறது, படித்த பிள்ளைகளை ஆண்டுதோறும் வெளியே அனுப்புகிற மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. அந்த ஊசியை நாட்டு மாகுருக்கும் தேளிக்கும் போட்டுக் குஞ்சு பெருக்க முடியும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். அந்தக் குஞ்சு தேவையான அளவில், கேட்ட நேரத்தில், வாய்க்காலோரத்து விவசாயிக்கு வந்து சேர்வதில்லை. கள்ளக் குஞ்சு வந்து சேர்கிறது. போன் போட்டால் வீட்டுக்கே வருகிறது. கடன்கூடக் கொடுக்கிறார்கள். மக்கள் சேவை என்றால் என்ன என்று துறை அந்தப் புரோக்கரிடம் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.

கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்புகளை நான் விடாமல் படிப்பவன். தடை செய்யப்பட்ட மீன் என்று இருக்கும். எத்தனை டன் என்று இருக்கும். எத்தனை குட்டை என்று இருக்கும். பொதுமக்கள் தகவல் தரலாம் என்று ஒரு தொலைபேசி எண்கூட இருக்கும். குஞ்சு விற்றவன் யார் என்று ஒரு வரி இருந்து பார்த்ததில்லை. பொரிப்பகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், ஊசி மருந்து விற்ற கணக்கைச் சரிபார்த்தார்கள், கோழிக்கழிவு கொண்டுபோன வண்டியைப் பிடித்தார்கள், வண்டியை அனுப்பிய கடைக்கு அபராதம் போட்டார்கள் என்று ஒரு வரி இருந்து பார்த்ததில்லை.

ஆகவே வாசகரே, ஊசியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த முறை பொக்லைனும் கைக்குட்டையுமாக அந்தப் படம் வரும்; இந்த ஆண்டே வரும். செய்திக்குறிப்பில் போட்டிருக்கிற அதே எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தகவல் தர வேண்டாம், தகவல் கேளுங்கள். ஐயா, இத்தனை டன் மீன் வெறும் ஏழெட்டுத் தாயின் வயிற்றிலிருந்து வந்திருக்கிறதே, அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது? விலாசம் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.